செவலையின் முதுகும் என் கட்டை விரலும்: 11 வாரக் குறிப்பு

இன்று காலை 6.10க்கு என் குதிரை செவலை கொட்டாவி விட்டாள். அடுத்தடுத்து மூன்று. அப்புறம் வண்டி பூட்டும் சேணத்தை எடுத்து முதுகில் வைத்தேன். காது பின்னால் போகவில்லை, பல்லைக் காட்டவில்லை, வயிற்றுப் பட்டையை இழுத்துக் கட்டும்போதும் அப்படியே நின்றாள். 11 வாரத்துக்கு முன்னால் இதே கொட்டகையில் என் சட்டையைத் தோளோடு சேர்த்துக் கடித்தவள். அவள் முதுகு வலிக்கு விரலால் அழுத்தும் அக்குபிரஷர் பழகியபோது நோட்டில் கிறுக்கி வைத்திருப்பதெல்லாம் எனக்கே புரியாமல் போவதற்குள் ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செவலை என் தாய்மாமா வளர்த்த குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கி வந்தார். எங்கள் பக்கம் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் இருக்கும், அதில் நான்கு வருடம் ஓடினாள். மாமா போன பிறகு ஆத்தங்குடியில் என் பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமென்ட் கல்) பட்டறைக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். வயது 12, உயரம் 13 கை, அதாவது 52 அங்குலம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இப்போது பந்தயம் கிடையாது. காலையில் வண்டி பூட்டிக் கண்மாய்க் கரை வரை போய்வருவோம், 4 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

தை மாதம் போல ஆரம்பித்தது பிரச்சினை. சேணத்தைக் கண்டாலே முதுகைக் குழித்துக்கொண்டு நகர்வாள். இடது பக்கம் திரும்பும்போது பின்னங்கால் எட்டு, அதாவது எடுத்து வைக்கும் அடியின் நீளம், குறைந்தது. கால்நடை டாக்டரம்மா வந்து நாலு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். காலில் கோளாறு இல்லை, முதுகுத் தசையில்தான் வலி என்றார். 5 நாள் மருந்து, 10 நாள் ஓய்வு. ஓய்வில் சரியானது, வண்டி பூட்டிய மூன்றாம் நாள் பழையபடி. அந்த நேரத்தில்தான் சீன வைத்திய முறையில் குதிரைக்கு விரலால் அழுத்தும் அக்குபிரஷர் வகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஆன்லைன், 8 வாரம், 6,500 ரூபாய், ஆங்கிலத்தில். அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "செய்ங்க, தப்பில்ல. ஆனா வயித்துவலி வந்தா விரலை வச்சுக்கிட்டு நிக்காம எனக்குப் போன் போடுங்க" என்றார். இந்த ஒரு வரி பின்னால் உதவியது.

தத்துவத்துக்குள் நான் போகவில்லை. உடம்பில் 'ச்சி' என்கிற ஓட்டம் இருக்கிறது, அது ஓடும் தடங்கள் இருக்கின்றன, தடத்தில் புள்ளிகள் இருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. சீனாவில் குதிரைக்கு இதைப் பல நூற்றாண்டாகச் செய்துவருகிறார்கள். 1608இல் யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற அண்ணன் தம்பி எழுதிய குதிரை வைத்திய நூலில் ஊசி குத்தும் முறையெல்லாம் இருக்கிறதாம். விரல் முறையில் ஊசி கிடையாது. நம் வர்மத்தோடு இதைக் கலக்காமல் இருப்பது நல்லது, நான் முதல் வாரம் கலந்து குழம்பினேன், இரண்டுக்கும் புள்ளி வேறு, கை வேறு.

முதல் வேலையாகப் புள்ளி வரைபடத்தைக் காரைக்குடியில் ஃபிளெக்ஸ் அடித்தேன். 5 அடிக்கு 3 அடி, 210 ரூபாய். பட்டறைச் சுவரில் மாட்டியதும் வந்தவர்கள் எல்லாரும் ஐயனார் கோயில் புரவி எடுப்புக்கு பேனரா என்று கேட்டார்கள். அந்த ஃபிளெக்ஸ்தான் என் முதல் தவறு. கடைக்காரப் பையன் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருக்கிறான், குதிரை ரயில்பெட்டி மாதிரி நீண்டுவிட்டது, எனக்கு அது தெரியவில்லை. நான் அதில் ஸ்கேல் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, செவலை முதுகில் அங்குல டேப் வைத்து, புள்ளிக்குப் புள்ளி என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். பொட்டு இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை, தோலைச் சிலிர்த்து உதறிவிட்டாள். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஒட்டிய இடம் எல்லாமே தப்பு.

வகுப்பில் கேட்டபோது புரிந்தது: அங்குலத்தில் அளக்கவே கூடாது. அவர்கள் அளவு 'சுன்'. மனிதனுக்கு என்றால் அவனவன் கட்டை விரல் அகலம், குதிரைக்கு அந்தந்தக் குதிரையின் விலா எலும்பு அகலம். படத்தில் இருப்பது 16 கை உயர வெளிநாட்டுக் குதிரை, நம்முடையது 13 கை. ஆகவே எலும்பைத் தடவித்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா. முன்பக்க விலாக்கள் தோள்பட்டைக்கு அடியில் மறைந்துவிடும், முன்னாலிருந்து எண்ணவே முடியாது. கடைசி விலாவைப் பிடித்துக்கொண்டு 18, 17, 16 என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். எனக்கு நாலு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் ஒரே பக்கத்தை மூன்று தடவை எண்ணினால் மூன்று எண்ணிக்கை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணியபோதுதான் சரியாக வந்தது.

நான் உண்மையில் பயன்படுத்தியது நாலைந்து இடங்கள்தான், அவற்றை மட்டும் சொல்கிறேன். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நாலு விரல் தள்ளி, நீளத் தசைக்கும் விலாப்பக்கத் தசைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடும். அதுதான் சிறுநீர்ப்பைத் தடம். கண்ணோரத்தில் தொடங்கிக் கழுத்து, முதுகு, பின்னங்கால் வழியாகக் குளம்பின் மேல்விளிம்பு வரை போகிறது. அந்தத் தடத்தில் இடுப்பின் இரண்டாம், மூன்றாம் எலும்புக்கு நேராக இருப்பது 23ஆம் புள்ளி, சிறுநீரகத்துக்கு உரியது என்பார்கள். நடுமுதுகுக் கோட்டிலேயே விரலை வைத்துப் பின்னால் கொண்டுபோனால் எலும்பு முனைகள் கணுக்கணுவாகத் தட்டும், இரண்டு இடுப்பு எலும்பு முட்டுக்கும் நடுவே வந்ததும் விரல் திடீரென்று மெத்தென்று இறங்கும். அந்தப் பள்ளம் 'பாய் ஹுய்', நூறும் கூடுமிடம் என்று பொருள். அடுத்தது பின்னங்காலில், பின்பக்கம் கூர்மையாகத் துருத்தும் முட்டிக்கு மேலே, பெரிய தசைநாருக்கு முன்னால் தோல் மெலிந்த பள்ளம். வெளிப்பக்கம் சிறுநீர்ப்பைத் தடத்தின் 60, உள்பக்கம் சிறுநீரகத் தடத்தின் 3, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டையும் ஒருசேரப் பிடிக்கலாம். இதைச் செய்யும்போது பின்னால் நிற்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று, ஒரு கை இடுப்பில் இருக்க, மறு கையை மேலிருந்து வழுக்கிக்கொண்டே இறக்க வேண்டும், கையை எடுத்து எடுத்து வைத்தால் உதைதான்.

இடம் பிடிபட்டதும் அடுத்த தவறு, அழுத்தம். பட்டறையில் அச்சுக்குள் சிமென்ட்டை அமுக்கி அமுக்கிப் பழகிய விரல். முதல் நாள் 23ஆம் புள்ளியில் வைத்து அமுக்கியதும் காதை மடக்கி, முதுகை இறக்கி, வாலைச் சுழற்றி அடித்தாள். எவ்வளவுதான் அமுக்குகிறோம் என்று பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்துக் கட்டை விரலை வைத்தேன். 4.2 கிலோ. வகுப்பு ஆசிரியரையும் வீடியோவில் அதே தராசு சோதனையைச் செய்யச் சொன்னேன், அவர் காட்டியது 1 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்று நாள் சாயங்காலம் தராசின் எண்ணைப் பார்த்து 900 கிராமிலிருந்து 1.2 கிலோவுக்குள் 30 எண்ணும் வரை விரலை அசையாமல் நிறுத்தப் பழகினேன். கேட்க எளிதாக இருக்கும், 20 எண்ணும்போதே விரல் தானாக இறங்கும். பிறகு நகத்தை ஒட்ட வெட்டினேன். சிமென்ட் வெடிப்புக்கு இரவில் தேங்காய் எண்ணெய் போட்டேன், சொரசொரப்பான விரல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேரமும் தப்பாக இருந்தது. சாயங்காலம் பட்டறை வேலை முடிந்து, அவள் கொள்ளும் தவிடும் தின்று முடித்த கையோடு போய் நின்றேன். ஈ வேறு. தின்ற உடனேயும், ஓடி வேர்த்த உடனேயும், காய்ச்சல் இருக்கும்போதும், புண் மேலேயும், சினையாக இருக்கும் குதிரைக்கும் செய்யக்கூடாது என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள், எழுதியும் வைத்திருக்கிறேன், படித்தது கைக்கு வரவில்லை. காலை 5.45க்கு, தீவனத்துக்கு முன்னால் என்று மாற்றினேன். தூணில் இறுக்கிக் கட்டுவதை விட்டுவிட்டு, அக்கா மகன் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். முதலில் உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் மெதுவாக மூன்று தடவை தடவுவது, அப்புறம்தான் விரல். ஒரு கை புள்ளியில், மறு கை சும்மா உடம்பில் பதிந்திருக்கும். மொத்தம் 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை பாய் ஹுய்யில் விரல் இருக்கும்போது முதல் தடவையாக உதட்டை நக்கினாள். தலை தாழ்ந்தது, கீழுதடு தொங்கியது, கண் பாதி மூடியது, வயிற்றில் கடகடவென்று சத்தம். அவர்கள் இதை 'விடுவிப்பு' என்கிறார்கள். என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும், ஒரு குதிரை நம் விரலுக்குக் கீழே இளகுவதைக் கைக்குள் உணர்ந்தால் அன்று முழுக்க வேறு வேலை ஓடாது. எனக்கு ஓடவில்லை, 40 கல்லில் சாயம் மாற்றி ஊற்றிவிட்டேன்.

ஆனால் ஒரு இடம் மட்டும் இளகவில்லை. இடது பக்கம், 13ஆவது விலாவுக்கு மேல், அந்த வாய்க்காலிலேயே. உள்ளங்கை வைத்தால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடு. புளியங்கொட்டை அளவு கெட்டி. தொட்டால் தோல் வெட்டிவெட்டி இழுக்கும். நான் என்ன நினைத்தேன் என்றால், ஓட்டம் இங்கேதான் அடைத்திருக்கிறது, இன்னும் அழுத்தினால் திறக்கும். 12 நாள், தினமும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று அதே இடத்தில் வேலை செய்தேன். கெட்டி குறையவில்லை, எலுமிச்சை அளவுக்குப் பரவி வீங்கியது. மற்ற இடங்களில் கொட்டாவி விட்டவள் நான் இடது பக்கம் வந்தாலே நகர ஆரம்பித்தாள். இந்த 12 நாளை நினைத்தால் இன்னும் எனக்கு வருத்தம்தான். வலிக்கிறது என்று அவள் தெளிவாகச் சொன்னாள், நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் லாடம் அடிக்கும் ஐயா வந்தார். 70 வயதுக்கு மேல். நான் அமுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நீ அமுக்குறது இருக்கட்டும். அதே இடத்துல தினம் வேற ஏதோ ஒண்ணு உன்னைவிட நல்லா அமுக்குது பாரு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சேணத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

சேணத்தின் அடிப்பக்கம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதனால் ஒரு சோதனை செய்தோம். பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து அவள் முதுகில் போட்டோம். சேணத்தின் அடியில் பட்டறைச் சிவப்புச் சாயப்பொடியை லேசாகத் தூவிக் கட்டி, வண்டி பூட்டி, நான் ஏறி உட்கார்ந்து 10 நிமிடம் நடத்திவிட்டுக் கழற்றினோம். வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெளிர்சிவப்பு, பரவலாக. இடது பக்கம் ஏறக்குறைய வெள்ளை, நடுவில் மட்டும் எலுமிச்சை அளவு கருஞ்சிவப்பு வட்டம். வேட்டியை அவள் முதுகில் திரும்பப் போட்டுப் பார்த்தால் 13ஆவது விலாவுக்கு நேர் மேலே. நான் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

காரைக்குடியில் தோல் தைப்பவரிடம் கொடுத்துப் பிரித்தோம். உள்ளே தேங்காய் நார், எத்தனையோ வருட வேர்வை குடித்துச் செங்கல்லாக இறுகியிருந்தது. இடது பக்கம் ஒரு ஆணித்தலை 4 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது, தோலுக்கு உள்ளே என்பதால் வெளியே தெரியவில்லை. வண்டி ஒருமுறை குடைசாய்ந்தபோது சட்டம் வளைந்திருக்க வேண்டும். ஆணியை எடுத்து, சட்டத்தை நிமிர்த்தி, நாருக்குப் பதில் செம்மறி ஆட்டுக் கம்பளி 900 கிராம் அடைத்தோம். நடுவில் முதுகெலும்பு மேல் படாதபடி 2 அங்குல இடைவெளி. கம்பளி 270 ரூபாய், தையல் கூலி 450.

ஐயா அதோடு விடவில்லை, வண்டியிலிருந்து குதிரைக்கு நீளும் ஏர்க்காலைத் தூக்கிப் பார் என்றார். தொங்கு தராசு கடன் வாங்கி, நான் ஆசனத்தில் உட்கார, அக்கா மகன் ஏர்க்காலைத் தராசில் தூக்கி நிறுத்தினான். 26 கிலோ. இவ்வளவும் அவள் முதுகில் அந்தச் சேணம் வழியாக இறங்குகிறது. ஆசனப் பலகையை 7 அங்குலம் பின்னால் நகர்த்தி, என் காலடியில் வைக்கும் தண்ணீர்க் கேனை ஆசனத்துக்குப் பின்னால் மாற்றியதும் 12 கிலோவுக்கு வந்தது. செலவு நாலு போல்ட், 60 ரூபாய்.

இதற்கு நடுவே ஐந்தாம் வாரம் ஒரு ராத்திரி வயிற்றுவலி. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், காலால் தரையைக் கீறினாள், படுத்து எழுந்தாள். வயிற்றுக்கு உரிய புள்ளி என்று நோட்டில் இருக்கிறது, கை அங்கே போனது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து போனை எடுத்தேன். தாடைக்கு அடியில் நாடி பிடித்து 15 விநாடி எண்ணச் சொன்னார். 13 வந்தது, நிமிடத்துக்கு 52. சும்மா நிற்கும் குதிரைக்கு 28லிருந்து 44க்குள் இருக்க வேண்டும். ஈறை அழுத்தி விட்டால் நிறம் 2 விநாடிக்குள் திரும்புகிறதா என்று கேட்டார், திரும்பியது. ஒரு மணி நேரத்தில் வந்து ஊசி போட்டுக் குழாய் விட்டுப் பார்த்துச் சரி செய்தார். கொள்ளு சரியாக ஊறாமல் போட்டதுதான் காரணம். அன்று நான் புள்ளியை அமுக்கிக்கொண்டு நின்றிருந்தால் அந்த ஒரு மணி நேரம் போயிருக்கும்.

சேணம் சரியான பிறகு 13ஆவது விலாப் பக்கம் மூன்று வாரம் விரலே வைக்கவில்லை. வண்டியும் பூட்டவில்லை. பாய் ஹுய், 23, பின்னங்கால் ஜோடிப் புள்ளி, கழுத்து, இவை மட்டும். வீக்கம் 9 நாளில் வற்றியது, கெட்டி இன்னும் நகம் அளவுக்கு இருக்கிறது. எட்டு குறைவதை அளக்கக் கண்மாய்க் கரை ஈர மணலில் கயிற்றைப் பிடித்து நடத்திக் குளம்புத் தடத்தை டேப்பால் அளந்தேன், பின்னங்குளம்பு அதே பக்க முன்னங்குளம்புத் தடத்துக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்று, பத்து எட்டின் சராசரி. ஆரம்பத்தில் வலது 3 சென்டிமீட்டர், இடது 11. போன வாரம் வலது 2, இடது 4.

இதில் எவ்வளவு சேணத்தால், எவ்வளவு ஓய்வால், எவ்வளவு விரலால் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை, மூன்றையும் ஒன்றாகவே செய்துவிட்டேன். பெரும்பங்கு சேணத்துக்கு என்றுதான் என் எண்ணம். விரலுக்கு நான் தரும் பங்கு வேறு. அந்தச் சூட்டையும் புளியங்கொட்டைக் கெட்டியையும் விலா எண்ணத் தெரியாத பழைய கை கண்டுபிடித்திருக்காது, துணியில் விழுந்த வட்டத்தை முதுகோடு பொருத்தியிருக்கவும் முடியாது. அதோடு, என்னைக் கண்டால் நகர்ந்தவள் இப்போது காலையில் தானாக வந்து இடுப்பைத் திருப்பிக் கொடுக்கிறாள். மாமா இருந்தபோதுகூட யாருக்கும் இப்படி நின்றதில்லை.

மொத்தச் செலவு: வகுப்பு 6,500, ஃபிளெக்ஸ் 210, சேணம் 720, போல்ட் 60, நோட்டு 40, ஆக 7,530. டாக்டர், மருந்துச் செலவு தனி. அடுத்த தடவை என்றால் சேணம், போல்ட் என்ற 780 ரூபாய் வேலையை முதலில் செய்வேன். முதல் நாளே வேட்டித் துணிச் சோதனை, ஏர்க்கால் எடை, மணல் தடம், இந்த மூன்றையும் முடித்து எழுதிவைத்துவிட்டு இரண்டு வாரம் விட்டுப் பார்த்து அப்புறம் விரலை வைப்பேன். சூடாக, கெட்டியாக, அழுத்த அழுத்தப் பெரிதாகிற இடத்தை மூன்றாம் நாளே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுவேன். நோட்டில் இடது, வலது என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவேன், நான் ஒன்றாக எழுதியதால் இடது பக்கம் மட்டும் மாறாமல் இருந்தது கண்ணில் படவே எட்டு நாள் ஆனது.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒருவர் தன் குதிரைக்கும் முதுகு வலி, வந்து அமுக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், சேணத்தையும் வண்டியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி. வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் போகவில்லை.